காயடிக்காத நாயும் வளர்ப்போர் பொறுப்பும்

நம் சங்கங்களின் எல்லைக்குட்பட்ட ஊர்களில் நாயில்லாத தோட்டத்தைக் காண்பது அரிது. களத்தில் கிடக்கும் கடலைக்குக் காவல், பட்டியிலுள்ள ஆட்டுக்குக் காவல், நெசவாளர் வீட்டுத் திண்ணையில் நூலுக்கும் பாவுக்கும் காவல் என்று இரவு முழுவதும் அது செய்யும் ஊழியத்துக்குக் கூலி ஒரு கவளம் சோறேயாகும். இத்தகைய பிராணியைப் பற்றிக் கூட்டுறவு இதழில் எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். கடன், தவணை, நூல் ஒதுக்கீடு, விளைபொருள் விற்பனை என்று எழுத வேண்டிய ஆய்வாளன் நாயைப் பற்றி எழுதுவது அவர்களுக்கு வியப்பாகவும் இருக்கலாம். விடை எளிது. நாய் ஒருவருடையது, அது ஈனும் குட்டிகளோ ஊருடையவை ஆகிவிடுகின்றன. ஒருவர் செய்கையின் விளைவு பலர் தலையில் விழும் எந்த விஷயமும் கூட்டுறவைச் சார்ந்த விஷயமே.

2025-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் நிகழ்ந்ததை இவ்விதழைப் படிப்போர் மறந்திருக்க மாட்டார்கள். பட்டியில் அடைத்த ஆடுகளை நாய்கள் கூட்டமாகப் புகுந்து கடித்துக் குதறின. விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினர். அரசு இழப்பீடு அளிப்பதாக அறிவித்தது. எல்லோரும் தெருநாய்களைப் பழித்தனர். பழித்தது நியாயமே. ஆயினும் அந்தத் தெருநாய்கள் காட்டிலிருந்து வந்தவை அல்ல என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவற்றுள் சில, யாரோ ஒருவர் தோட்டத்தில் வைக்கோற்போரின் அடியில் பிறந்து, கண் திறந்த சில வாரங்களில் சாக்கில் கட்டப்பட்டுச் சந்தைப்பேட்டையில் விடப்பட்டவை. வேறு சில பகலில் வாசலில் படுத்திருந்து, இரவில் கூட்டத்தோடு திரிந்து, விடியுமுன் வீடு திரும்பும் சொந்த நாய்கள். ‘எங்கள் நாய் அப்படிச் செய்யாது’ என்று சொல்லாத உடைமைக்காரர் இல்லை. இரவு இரண்டு மணிக்கு அந்த நாய் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விடை கூறுவோர்தாம் சிலர்.

கூட்டுறவு இயக்கத்தின் தொடக்கக் காலத்தை அறிந்தோர்க்கு ஒன்று நினைவிருக்கும். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கிராமங்களில் தோன்றிய கடன் சங்கங்கள் பொதுவாக வரையறையற்ற பொறுப்புடையவை. ஓர் அங்கத்தினர் கடனைத் திருப்பாவிடில், மற்றவர் சொத்தும் அதற்கு ஈடாகக்கூடும். பிற்காலத்தில் வரையறுத்த பொறுப்புடைய சங்கங்கள் பெருகின. போட்ட பங்குக்கு மேல் நட்டம் வாராது என்னும் நிம்மதி ஏற்பட்டது. கருத்தடை செய்த நாயை வளர்ப்பவர் வரையறுத்த பொறுப்பை ஏற்றவர். அந்த ஒரு நாய்க்கு மட்டும் அவர் கடமைப்பட்டவர். காயடிக்காத ஆண் நாயையோ கருத்தடை செய்யாத பெட்டையையோ வளர்ப்பவரின் பொறுப்புக்கு வரையறை இல்லை. இன்னும் பிறவாத குட்டிகளுக்கும், அக்குட்டிகள் ஈனப்போகும் குட்டிகளுக்கும் அவர் பிணையாளி. இதை உணர்ந்து வளர்ப்பதில் குற்றம் யாதொன்றும் இல்லை. உணராமல் வளர்ப்பதுதான் ஊருக்குக் கேடாய் முடிகிறது.

ஆகவே, காயடிக்காத நாயை வைத்திருப்பவரெல்லாம் தவறு செய்கிறார் என்று இக்கட்டுரை கூறவில்லை. நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் குட்டியின் முதல் ஆறு மாதமேனும் காயடிக்காத நாயின் சொந்தக்காரர்தாம். சிலர் நல்ல இனத்தைக் காக்க விரும்பி அவ்வாறே வைத்திருக்கின்றனர். சிலர்க்கு அறுவை செய்யும் மருத்துவமனை எட்டாத் தொலைவில் உள்ளது. மாட்டுக்குச் சினையூசி போடும் ஊர்க் கால்நடை மருந்தகத்தில், பெட்டை நாயின் கருப்பையை அகற்றும் அறுவைக்கு வேண்டிய வசதி எல்லா இடத்திலும் இருப்பதில்லை. சுவீடன் நாட்டில் 1988 வரை மருத்துவக் காரணமின்றி நாய்க்குக் கருத்தடை செய்வதைச் சட்டமே இசையவில்லை. அதன் பின்னரும் அங்கே கருத்தடை செய்யாத நாய்களே மிகுதி. எனினும் அந்நாட்டு வீதிகளில் அநாதை நாய்க் கூட்டம் இல்லை. அங்கே நாய் கட்டவிழ்ந்து திரிவதில்லை. மார்ச்சு 1 முதல் ஆகஸ்டு 20 வரை காட்டு விலங்குகள் ஈனும் காலமாகையால், அவை உலவும் இடங்களில் நாயை அவிழ்த்து விடலாகாது என்றும் சட்டமிருக்கிறது. குளிர்நாட்டையும் நம் நாட்டையும் ஒப்பிடுவது எல்லா வகையிலும் பொருந்தாது என்பதை அறிவேன். ஒன்று மட்டும் தெளிவு: கருத்தடை செய்யாத நாய் பெருகுவதற்குக் காரணம் அதன் உடம்பு மட்டுமன்று, திறந்த கதவுந்தான்.

பெட்டை நாயின் பருவக் கணக்கு

நம்மவர்க்குப் பசுவின் பருவம் நன்கு தெரியும். இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை பசு பருவத்துக்கு வரும். ஒரு நாளைக்குள் அது தணிந்துவிடும். தணிந்த பின் ஓரிரு நாளில் சில பசுக்களுக்கு இரத்தக்கசிவு தோன்றும். இரத்தத்தைக் கண்டவுடன், ‘இம்முறை காலம் தப்பிவிட்டது, அடுத்த முறை பார்ப்போம்’ என்று உழவர் முடிவு செய்வது வழக்கம். பசுவுக்கு இது சரியான கணக்கு. இதே கணக்கை நாய்க்கும் போடுவதனால்தான் பாதிக் குழப்பம் நேர்கிறது.

நாய்க்கு இரத்தக்கசிவு தொடக்கத்தின் அடையாளம், முடிவின் அடையாளமன்று. பெட்டைக் குட்டி 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் முதன்முறையாகப் பருவம் அடைகிறது. உருவில் பெரிய இனங்களில் இன்னும் சில மாதம் தாமதமாகலாம். பிறகு பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவம் வரும். நாட்டு நாய்களில் ஆண்டுக்கு ஒருமுறையே வருவதும் உண்டு. மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில் அது மிகுதி. மார்கழியில் தெருவில் நாய்க் கூட்டத்தைக் கண்டு நம் மக்கள் கேலிச் சொல் சொல்வதும் இதனாலேயே.

முதலில் பெண்குறி வீங்கி, இரத்தம் துளித்துளியாக வடியும். இது ஏறக்குறைய ஒன்பது நாள் நீடிக்கும். சிலவற்றில் மூன்று நாளிலும் முடியலாம், பதினேழு நாள் வரையிலும் போகலாம். இக்காலத்தில் ஆண் நாய்கள் வாசலில் வந்து கூடும். பெட்டையோ அவற்றைச் சீறித் துரத்தும். அடுத்த ஒன்பது நாள் அளவில் இரத்தம் வெளிறி, வைக்கோல் நிற நீராக மாறும் அல்லது நின்றே போகும். உடைமைக்காரர், ‘கழிந்தது தொல்லை’ என்று சங்கிலியை அவிழ்த்து விடுகிறார். அந்த நாள்களிலேதான் பெட்டை வாலை ஒருபுறம் ஒதுக்கி ஆணை ஏற்கிறது; அந்த நாள்களிலேதான் கருத்தரிக்கிறது. எத்தனையோ வீடுகளில் இரண்டு வாரம் கண்ணுங்கருத்துமாய்க் காத்து, காக்க வேண்டிய வாரத்தில் கைவிட்டிருக்கின்றனர். ஆண் விந்து பெட்டையின் உடம்பில் பல நாள் உயிரோடிருக்கும் தன்மையுடையது. ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வேறு வேறு தந்தையர் இருத்தலும் உண்டு. ‘ஒரு முறைதானே தப்பியது’ என்பதற்கு இங்கே இடமில்லை.

ஆகையால் கணக்கு இப்படி இருத்தல் நலம். முதல் துளி இரத்தம் கண்ட நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்க. அந்நாள் தொட்டு முழுமையாக நான்கு வாரம் பெட்டையைக் காவலில் வைத்திருக்க வேண்டும். பெட்டை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளுமாதலால் முதல் துளி கண்ணில் படாமலே போகலாம். படுக்கும் இடத்தில் பழைய வெள்ளைத் துணியொன்றை விரித்து வைத்தால் தெரிந்துவிடும். நெசவாளர் வீட்டில் அதற்குப் பஞ்சம் இராது.

காவல் என்றால் வேப்பமரத்தடியில் சங்கிலியால் கட்டி வைப்பதன்று. கட்டிய பெட்டையை ஐந்தாறு ஆண் நாய்கள் சூழ்ந்தால் அது ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. கயிற்றில் கட்டிய பெட்டை சினைப்பட்டதை வியந்து பேசுவோரை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். வியக்க அதில் ஒன்றுமில்லை. கதவுள்ள அறை வேண்டும். மாட்டுக் கொட்டகையின் ஒரு பகுதியைத் தரையிலிருந்து கூரைவரை வலையடித்து மறைத்துக் கதவு வைத்தாலும் போதும். முள்வேலியும் இடுப்புயர மண்சுவரும் ஆண் நாய்க்கு ஒரு பொருட்டல்ல. காலையும் மாலையும் கழுத்துப்பட்டையும் கயிறும் மாட்டி, பெரியவர் ஒருவர் உடன் சென்று வெளியே நடத்தி வரல் வேண்டும். சிறுவர் கையில் கயிற்றைக் கொடுத்தனுப்புதல் இந்நான்கு வாரமும் கூடாது. ஆண் நாய்கள் பாயும்போது பிள்ளைதான் முதலில் கடிபடும்.

காவல் தவறி இணை சேர்ந்துவிட்டால், பிணைந்து நிற்கும் நாய்களை இழுப்பதும் அடிப்பதும் வெந்நீர் ஊற்றுவதும் கொடுமை. இரண்டுக்கும் உள்ளுறுப்பில் காயம் உண்டாகும். ஐந்து நிமிடத்திலிருந்து முக்கால் மணிக்குள் அவை தாமாகவே பிரியும். தெருப்பிள்ளைகள் கல்லெறிவதைப் பெரியவர்கள் பார்த்துச் சிரிப்பது அறவே வேண்டாம். பிறகு தாமதியாமல் கால்நடை மருத்துவரை அணுகலாம். மருந்துக்கடையில் மனிதர்க்கான மாத்திரையை வாங்கிக் கொடுப்பதும், ‘பருவம் வாராமல் தடுக்கும் ஊசி’ என்று எவரோ கூறியதைக் கேட்டுப் போடுவதும் ஆபத்தானவை. இத்தகைய இயக்குநீர் மருந்துகள் கருப்பையில் சீழ் கட்டுவதற்கே வழி வகுக்கின்றன.

பருவம் தணிந்த பின்னும் பெட்டையைப் பற்றிய கவலை ஒழிந்ததாகாது. பருவம் கழிந்து ஒன்று இரண்டு மாதத்துக்குள் நாய் சோர்ந்து படுத்து, உணவை வெறுத்து, தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சில நாய்களுக்குச் சீழ் வெளியே வடியும். சிலவற்றுக்கு வடியாமல் உள்ளேயே தேங்கும். வடியாததே அதிக ஆபத்து. சுவீடன் நாட்டு நாய்க் காப்பீட்டுப் பதிவுகளின்படி, கருத்தடை செய்யாத பெட்டைகளுள் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்நோய் காண்கிறது. இதை நாளை பார்ப்போம் என்று தள்ளலாகாது. வயது சென்ற பெட்டைக்குப் பால்மடியில் கட்டி தோன்றுவதும் உண்டாகையால், மாதம் ஒருமுறை மடியைத் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

குட்டிகளின் கதி

சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். அறுபத்து மூன்று நாளில் உடைமைக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை, பிறக்கப்போகும் குட்டிகளுக்கு வீடு தேடுவதாகும். பிறந்த பிறகு தேடுவோம் என்பவர் பெரும்பாலும் தேடுவதில்லை. நம் ஊர்களில் ஆண் குட்டியைக் கேட்டு வருவோர் உண்டு. பெட்டைக் குட்டியைக் கேட்டு வருவோர் மிகச் சிலரே. ஆகவே ஆண் குட்டிகள் தோட்டங்களுக்குப் போகின்றன. பெட்டைகள் சந்தை, கோயில் வாசல், இறைச்சிக் கடை ஓரம், சில வேளை நம் சங்கக் கட்டடத்தின் பின்புறம் ஆகிய இடங்களில் விடப்படுகின்றன. ‘கொல்லவில்லை, பிழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்’ என்பது இதற்குக் கூறப்படும் சமாதானம்.

பிழைத்துக்கொள்கின்றனவா? மேற்கு வங்காளத்தில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தோர் தெருநாய்களின் 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து, 2016-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஏழு மாத வயதை எட்டியவை நூற்றுக்குப் பத்தொன்பதே. மாண்டவற்றுள் பெரும்பகுதி நோயாலும் பசியாலும் அன்று, வண்டியில் அடிபட்டும் அடித்துக் கொல்லப்பட்டும் நஞ்சு வைக்கப்பட்டும் இவ்வாறு மனிதர் காரணமாக மாண்டவை. ஒரு பெட்டை ஆறே ஆண்டில் பல்லாயிரம் நாய்களாகப் பெருகும் என்று விளம்பரத் தாள்களில் அச்சிடுகின்றனர். குட்டிகள் எல்லாம் உயிர் வாழ்வதாக வைத்துப் போட்ட கணக்கு அது, உண்மையன்று. உண்மைக் கணக்கு அதைவிடச் சிறியது, ஆனால் அதைவிடத் துயரமானது. ஐந்து குட்டிகளை விட்டவர் நான்கின் சாவுக்கு வித்திடுகிறார். எஞ்சும் ஒன்று பெட்டையாயின் அடுத்த ஆண்டே அதுவும் ஈனத் தொடங்கும்.

குட்டிகளைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரித்தல் கூடாது. 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதைத் தடை செய்கின்றன. பிரிப்பதற்குள் குடற்புழு மருந்து கொடுத்தல் அவசியம். எனக்குத் தெரிந்த ஒரு கைத்தறிச் சங்கத்தின் மூத்த அங்கத்தினர், குட்டி கேட்டு வருவோரிடம், ‘பெட்டையை எடுத்துக்கொண்டால்தான் ஆண் குட்டி’ என்று நிபந்தனை விதிக்கிறார். பெட்டையை எடுத்துச் சென்ற வீட்டுக்கு ஆறாம் மாதத்தில் தாமே நேரில் போய், கருத்தடைக்கு ஏற்பாடாயிற்றா என்று கேட்கவும் செய்கிறார். அவர் வீட்டில் தறிக்கு அருகே தொங்கும் நாட்காட்டியில் நூல் வாங்கிய தேதியும் நாய் பருவத்துக்கு வந்த தேதியும் அடுத்தடுத்து இருந்ததைக் கண்டு, விசாரித்து இக்கணக்கையெல்லாம் குறித்துக்கொண்டேன். அருகிலிருந்த உழவர் ஒருவர், “ஏனுங்க ஐயா, சங்கத்துக் கணக்குப் பார்க்க வந்தீங்களா, நாய்க் கணக்குப் பார்க்க வந்தீங்களா?” என்று கேட்டார். இரண்டிலும் வரவை எழுதுவோர் பலர், பற்றை எழுதுவோர் சிலர் என்று சொன்னேன்.

ஆண் நாய்

பெட்டைக்கு ஆண்டில் சில வாரமே பருவம். ஆண் நாய்க்கோ ஆண்டு முழுவதும் பருவம். எங்கோ ஒரு தெருவில் பெட்டை பருவத்துக்கு வந்தால் காற்றில் வரும் மோப்பத்தாலேயே அது அறிந்துகொள்ளும். உணவை விட்டு ஊளையிடும், கயிற்றைக் கடிக்கும், வேலியைத் தோண்டும். ‘ஆண் நாய்தானே, குட்டி போடப் போகிறதா?’ என்று அவிழ்த்து விடுவது நம் வழக்கமாகிவிட்டது. குட்டி நம் வாசலில் பிறவாது; அடுத்த தெருவில் பிறக்கும், அவ்வளவே வேறுபாடு.

நெசவாளர் தெருவில் இதன் நட்டம் உடனே கண்ணுக்குத் தெரியும். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து ஆற்றும் வேளையிலே, பெட்டையைத் துரத்தும் ஏழெட்டு நாய்கள் சண்டையிட்டுக்கொண்டு பாவினூடே பாய்ந்தால் அறுந்த இழைகளைப் பிணைப்பதிலேயே அன்றைய பொழுது போய்விடும். இழை அறுந்ததற்கு எந்த நாயின் சொந்தக்காரரும் ஈடு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சண்டையில் பட்ட காயத்தின் வழியே வெறிநோய்க் கிருமி ஏறலாம். இணை சேர்வதாலேயே தொற்றும் ஒருவகைப் புற்றுக்கட்டியும் நம் நாட்டு நாய்களிடம் பரவலாக உண்டு. குறியில் பூக்கோசு போன்ற கட்டியும் ஓயாத இரத்தக்கசிவும் அதன் அடையாளம். வாரம் ஒருமுறை போடும் வின்கிரிஸ்டின் ஊசியால் அது பெரும்பாலும் குணமாகும். ஊசி முடியும்வரை அந்த நாயை வெளியே விடலாகாது. வயதான, காயடிக்காத ஆண் நாய்க்குப் பிராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீரில் இரத்தம் கலத்தலும் மலம் கழிக்க முக்குதலும் உண்டாகும்.

இணை சேராத ஆண் நாய்க்கு வெறி பிடிக்கும் என்னும் நம்பிக்கை சில இடங்களில் இருக்கிறது. இது முற்றிலும் பொய். வெறிநோய், அந்நோய் கொண்ட பிராணியின் கடியாலும் எச்சிலாலும் வருவது. இணை விழைச்சுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வாழ்நாள் முழுவதும் இணை சேராமலே நாய் நலமாக வாழும். ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டிக் கிடக்கும் நாய் நலமாக வாழாது. அவிழ்த்து விடாமல் இருப்பதற்கு ஈடாக நாள்தோறும் இருவேளை கயிற்றோடு நடத்திச் செல்லுதலும், தோட்டத்தில் வேலியிட்ட பகுதியில் ஓடவிடுதலும் வேண்டும். இந்த உழைப்பைத் தர இயலாதவர் காயடித்துவிடுவதே நாய்க்குச் செய்யும் நன்மை என்பது என் அபிப்பிராயம்.

காயடித்தால் காவல் குன்றும் என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல். அந்நியரைக் கண்டு குரைப்பது ஆண்மையால் வருவதன்று. தன் இடம் என்னும் உணர்வால் வருவது. பெட்டை நாயும் குரைத்துக் காவல் காப்பதை நாம் பார்க்கிறோம். காயடித்த நாய் பெட்டையைத் தேடித் திரிவதை விட்டு வாசலில் இருக்குமாதலால் காவல் கூடவும் செய்யலாம். அதே சமயம், கடிக்கும் நாயைக் காயடித்தால் கடிப்பதை விட்டுவிடும் என்று நம்புவதும் தவறு. அச்சத்தாலும் கொடிய நடத்தையாலும் கடிக்கப் பழகிய நாய் காயடித்த பின்னும் கடிக்கும்.

இனம் காப்போர்

ராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாட்டு இனங்களைக் காப்பதற்காகக் கருத்தடை செய்யாமல் வளர்ப்போரைக் குறை கூற மாட்டேன். 2005-இல் இந்திய அஞ்சல் துறை ராசபாளையம் நாயின் உருவத்தோடு தபால்தலை வெளியிட்டது. இனம் அழிந்தபின் தபால்தலை மட்டும் இருந்து பயனில்லை. எனினும் வெள்ளை ராசபாளையத்தில் பிறவிச் செவிடு காணப்படுவது தெரிந்த செய்தி. செவிட்டு நாயைக் கொண்டு குட்டி எடுப்பதும், உடன்பிறந்தவற்றையே கூட்டுவதும் இனத்தைக் காப்பதாகாது. காப்பவர் குட்டிகள் போன இடத்தை எழுதி வைத்திருப்பார். விற்பவர் விலையை மட்டும் எழுதி வைத்திருப்பார்.

அறுவையும் சட்டமும்

இனம் காக்கும் எண்ணமும், நான்கு வாரம் காக்கும் வசதியும் இல்லாதவர் கருத்தடை செய்துவிடுவதே நேர்வழி. காளைக்குக் காயடிக்கும் இடுக்கியை நாய்க்குப் போடலாகாது. மயக்க மருந்து கொடுத்துக் கால்நடை மருத்துவர் செய்யும் அறுவையே முறை. சாதாரண நாட்டு நாய்க்கு ஆறு மாத அளவில் செய்வது வழக்கம். பெரிய உருவமுள்ள இனங்களுக்குச் சற்றுப் பொறுக்கலாம். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கோல்டன் ரெட்ரீவர் இனத்தில் ஓராண்டு நிறையுமுன் காயடித்தவற்றுக்கு மூட்டு நோய்கள் மிகுந்திருக்கக் கண்டனர். பொறுக்கும் காலமெல்லாம் மேற்சொன்ன காவல் தேவை என்பதைக் கூற வேண்டியதில்லை. பெரிய அறுவைக்குக் கால்நடை மருத்துவமனைகளையும், கொங்கு வட்டாரத்தார் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியையும் நாடலாம். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே வண்டியில் நாய்களைக் கொண்டுபோனால் செலவு குறையும்.

2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாயின் குடற்புழு நீக்கத்துக்கும் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் உடைமைக்காரரையே பொறுப்பாக்குகின்றன. தெருநாய்ப் பொறுப்பு உள்ளாட்சிக்கு உரியது. தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுவோர்க்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆத்திரத்தில் நாய்க்கு நஞ்சு வைப்பவர்க்கும் அச்சட்டத்தின் 325-ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

கருத்தடை செய்யினும் செய்யாவிடினும் வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்திலும், பின்பு மருத்துவர் சொற்படி ஆண்டுதோறும் போட வேண்டியது. தெருவில் சண்டையிடும் காயடிக்காத நாய்க்கு இதைத் தவறவிடுவது நெருப்போடு விளையாடுவதாகும். உலக வெறிநோய் நாளாகிய செப்டம்பர் 28-ஐ ஒட்டியும், விலங்குவழி நோய்கள் நாளாகிய சூலை 6-ஐ ஒட்டியும் பல இடங்களில் இலவச முகாம்கள் நடைபெறுகின்றன. எவரையேனும் நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புவது வேண்டா. நோய் வெளிப்பட்டபின் காப்பாற்ற மருந்தில்லை. கடித்த நாய் வளர்ப்பு நாயாயின், அதைக் கொன்றுவிடாமல் பத்து நாள் கட்டிவைத்துக் கவனித்தல் அவசியம். மருத்துவரின் முடிவுக்கு அது உதவும்.

இதில் சங்கம் என்ன செய்யலாம்? பொது நல நிதியிலிருந்து செலவு செய்யலாமா என்று தலைவர்கள் கேட்கின்றனர். துணைவிதிகளையும் பதிவாளரின் அனுமதியையும் பார்த்துச் செய்ய வேண்டியது அது. அதற்கு முன்னரே பணமில்லாமல் செய்யத்தக்கது ஒன்றுண்டு. சங்கத்தின் திண்ணையை ஆண்டில் ஒரு நாள் தடுப்பூசி முகாமுக்குத் தரலாம். ஊர்க் கால்நடை மருத்துவருக்கு முன்கூட்டிக் கடிதம் எழுதினால் அவர் வருவார். நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் அங்கத்தினர் வீட்டு நாய்களைப் பதிந்து வைக்கலாம்: உடைமைக்காரர் பெயர், ஆணா பெட்டையா, வயது, கருத்தடை செய்த தேதி, தடுப்பூசித் தேதி, குட்டிகள் எங்கே சென்றன, பெட்டையாயின் முதல் துளி கண்ட நாள். இக்கடைசிக் கலத்தைச் சற்று அகலமாகக் கோடிடுக. ஆண்டில் இரண்டு தேதி எழுத வேண்டியிருக்கும்.